காதுக்கும் கைக்கும் நடுவே

பாடகி பல்லவியை முடித்துவிட்டு, பாட்டை நிறுத்தாமலே இடது கையைச் சற்று உயர்த்துகிறார். விரல், தன் முன்னால் சாய்ந்து கிடக்கும் மானிட்டர் ஸ்பீக்கரைக் காட்டுகிறது. தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்று பொருள். அரங்கின் பின்வரிசையில் மிக்ஸர் முன் உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்துவிட்டார். இனி அவர் என்ன செய்ய வேண்டும்? பழைய அனலாக் மிக்ஸர் என்றால் முதல் சேனலின் வரிசையில் மானிட்டருக்கென்று ஒரு திருகு இருக்கிறது. அது நேற்றும் அங்கேதான் இருந்தது, நாளையும் அங்கேதான் இருக்கும். கை நேராக அங்கே போகும். டிஜிட்டல் மிக்ஸர் என்றால் முதலில் எந்த மானிட்டர் என்பதற்கான பொத்தானை அழுத்த வேண்டும். மோட்டார் பொருத்திய ஃபேடர்கள் எல்லாம் சரசரவென்று நகர்ந்து அந்த மானிட்டருக்கு உரிய அளவுகளில் வந்து நிற்கும். பாடகியின் ஃபேடர் இப்போது கண்முன் உள்ள அடுக்கில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அடுக்கை மாற்றி, வேண்டிய அளவு ஏற்றிவிட்டு, மறக்காமல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்ப மறந்துவிட்டால், அடுத்து அரங்குக்காக அவர் ஏற்றும் மிருதங்கம் பாடகியின் மானிட்டரில் போய் இடிக்கும்.

சிறு நிகழ்ச்சிகளுக்காக டிஜிட்டல் மிக்ஸர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று: எத்தனை சேனல், எத்தனை பிட், 48 கிலோஹெர்ட்ஸா 96 கிலோஹெர்ட்ஸா. மூன்றும் விலைப்பட்டியலில் அச்சாகியிருப்பவை; எண்ணாக இருப்பதால் ஒப்பிடுவதற்கு எளியவை. ஆனால் 300 பேர் உட்காரும் கல்யாண மண்டபத்திலோ சபா அரங்கிலோ கோயில் திருவிழா மேடையிலோ ஒரு நிகழ்ச்சியின் ஒலியைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் இந்த எண்கள் அல்ல என்பதே இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ முயலும் வாதம். காது ஒரு குறையைக் கண்டுகொள்வதற்கும் கை அதைச் சரிசெய்வதற்கும் நடுவே எவ்வளவு நேரம் கழிகிறது? கையால் எட்டிப்பிடிக்க முடியாத வேகத்தில் வரும் குறைகளை முன்கூட்டியே அடைத்துவைக்க அந்த மிக்ஸர் எவ்வளவு வழி தருகிறது? மிக்ஸரை எடைபோட வேண்டியது இந்த இரண்டு கேள்விகளைக் கொண்டு.

ஒலித்தரத்திலிருந்தே தொடங்குவோம், முதல் மறுப்பு அங்கிருந்துதான் வரும். விலை குறைந்த மிக்ஸரில் மைக்கின் சிறு மின்துடிப்பைப் பெருக்கிக் கொடுக்கும் முன்பெருக்கி மட்டமாக இருக்கும், இரைச்சல் கலக்கும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலகெங்கும் மேடைகளில் காணப்படும் ஷ்யூர் எஸ்எம்58 மைக், 94 டெசிபல் ஒலிக்கு ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட் மின்னழுத்தம் தருகிறது. ஒரு சுமாரான முன்பெருக்கியின் சொந்த இரைச்சலை மைக் இருக்கும் இடத்து ஒலியாக மாற்றிச் சொன்னால் அது ஏறத்தாழ 20 டெசிபல். நள்ளிரவில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிலவும் அமைதிக்கு நிகரான அளவு அது. விலை உயர்ந்த முன்பெருக்கி இதைவிட இரண்டு மூன்று டெசிபல் அமைதியாக இருக்கலாம். அதற்கு மேல் அமைதியாக முடியாது. மைக்கின் கம்பிச்சுருளுக்குள் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைபாய்வதே ஓர் இரைச்சல், அந்தத் தரையை எந்தத் தொழிற்சாலையாலும் தோண்ட முடியாது. மின்விசிறிகள் சுழன்று, குழந்தைகள் சிணுங்கி, பந்தி எப்போது என்று யாரோ யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கும் மண்டபத்தின் இரைச்சல் 50 டெசிபலுக்கு எளிதாக ஏறிவிடும். அந்த 50-க்குக் கீழே எங்கோ கிடக்கும் 20-ஐ 18 ஆக்குவதற்குப் பணம் கொடுத்தால் அதைக் கேட்கும் காது அரங்கில் ஒன்றுகூட இருக்காது.

96 கிலோஹெர்ட்ஸ் பற்றிய கேள்விக்கும் இதே விதமான விடைதான், சிறு திருத்தத்துடன். ஒரு நொடிக்கு எத்தனை முறை ஒலியை மாதிரி எடுக்கிறோமோ அதில் பாதி அதிர்வெண் வரை குறையின்றித் திரும்பப் பெறலாம் என்பதை 1928-ல் ஹாரி நைக்விஸ்ட் தொட்டுக்காட்ட, 1949-ல் கிளாட் ஷானன் முழுமையாக நிறுவினார். 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் 24,000 ஹெர்ட்ஸ் வரை. மனிதக் காதின் எல்லை இளமையில் 20,000; நடுவயதில் அதைவிட நன்றாகவே கீழே. ஆகவே 96-ஆல் கேட்கும் ஒலியில் புதிதாக ஏதும் சேராது. அதன் உண்மையான பயன் வேகத்தில் இருக்கிறது. மிக்ஸருக்குள் ஒலி கடக்க வேண்டிய படிகள் ஏறத்தாழ அதே எண்ணிக்கைதான், ஒவ்வொரு படிக்கும் பாதி நேரம் போதும் என்பதால் தாமதம் குறைகிறது. 48-ல் ஓடும் பெரிங்கர் எக்ஸ்32 போன்ற மிக்ஸர்களில் இந்தத் தாமதம் ஒரு மில்லிநொடியை ஒட்டியது. 96-ல் ஓடும் அலன் அண்ட் ஹீத் எஸ்க்யூ வரிசையில் 0.7 மில்லிநொடிக்கும் குறைவு. காற்றில் ஒலி ஒரு மில்லிநொடியில் 34 சென்டிமீட்டர் போகிறது. இரண்டு மிக்ஸர்களுக்கும் உள்ள வேறுபாடு, மானிட்டர் ஸ்பீக்கரை ஒரு சாண் தள்ளிவைப்பதைவிடக் குறைவானது. காதுக்குள்ளேயே ஒலி தரும் கருவி அணிந்து பாடுகிறவர்களுக்கு மட்டும் மில்லிநொடிக் கணக்கு சற்றுப் பொருட்படுத்தத்தக்கது, ஏனெனில் மண்டையோட்டு எலும்பு வழியாகத் தாமதமின்றி வரும் குரலும் கருவி வழியாகத் தாமதித்து வரும் குரலும் ஒன்றை ஒன்று சில அதிர்வெண்களில் தின்றுவிடும். சிறு மேடைகளில் பெரும்பான்மையோர் பாடுவது தரையில் கிடக்கும் ஸ்பீக்கரைக் கேட்டுத்தான்.

விலைக்கும் தரத்துக்கும் இருந்த பழைய உறவு அறுந்துபோனதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. யமஹா 1987-ல் டிஎம்பி7 என்ற சிறு டிஜிட்டல் மிக்ஸரை வெளியிட்டது; 1994-ல் வந்த ப்ரோமிக்ஸ் 01, டிஜிட்டல் கலப்பைச் சிறிய ஒலிக்கூடங்களின் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. 2012-ல் அறிமுகமான எக்ஸ்32, 32 மைக் உள்ளீடுகளும் மோட்டார் ஃபேடர்களும் கொண்ட மேடை மிக்ஸரை, அதுவரை அத்தகையவற்றுக்குக் கேட்கப்பட்ட விலையில் ஒரு சிறு பங்குக்குத் தந்தது. ஒலியை எண்ணாக மாற்றும் சில்லுகளைச் செய்யும் நிறுவனங்கள் உலகில் ஒரு கைவிரல்களில் அடங்கும். விலை குறைந்ததும் கூடியதும் பெரும்பாலும் ஒரே குடும்பத்துச் சில்லுகளைத்தான் வாங்கிப் பொருத்துகின்றன. அப்படியானால் அனலாக் மிக்ஸரில் கேட்ட அந்த வெதுவெதுப்பு பொய்யா என்று கேட்கலாம். பொய் இல்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மர்களும் சுற்றுகளும் ஒலியில் சேர்த்த சிறு திரிபுகள் அளந்து காட்டக்கூடியவை, சில காதுகளுக்கு இனிமையானவை. ஆனால் பாடகர் மைக்கிலிருந்து நான்கு விரற்கடை விலகினால் நேரும் மாற்றம் அவற்றைவிடப் பல மடங்கு பெரியது. சிறு அரங்கில் மைக்கின் இடமும் ஸ்பீக்கரின் திசையும் சுவரின் எதிரொலியும் முதலில் பேசும். சுற்றின் வெதுவெதுப்பு அவை அடங்கிய பிறகே கேட்கும்.

டிஜிட்டலுக்கே உரிய ஒரு குறையை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், விளம்பரங்கள் அதை மறைப்பதால். உள்ளே 40 பிட் மிதவைப்புள்ளிக் கணக்கு நடக்கிறது, ஒலி முறியவே முறியாது என்பார்கள். உள்ளே முறியாது என்பது உண்மை. ஆனால் மைக்கிலிருந்து வரும் மின்சாரம் எண்ணாக மாறும் வாசலில் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதைத் தாண்டிய அலையின் தலை அங்கேயே மழுங்க வெட்டப்படும், பிறகு எத்தனை பிட் இருந்தும் ஒட்டவைக்க முடியாது. அனலாக் சுற்று மெல்ல மெல்லத் திணறும். டிஜிட்டல் வாசல் ஒரே வெட்டு. மிருதங்கத்தின் ஒரு சாப்பு, சராசரி அளவைவிட 15, 20 டெசிபல் மேலே துள்ளக்கூடியது. ஆகவே வாசலில் 20 டெசிபல் இடைவெளி விட்டுவைக்கும் பழக்கம் மிக்ஸரை இயக்குபவரிடம் இருக்க வேண்டும். அது கடையில் விற்பதில்லை.

இப்போது ஊளைக்கு வருவோம். மேடை ஒலியில் பார்வையாளர் அனைவரும், இசையறியாதவர்கூட, உடனே கண்டுகொள்ளும் ஒரே குறை அது. ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் நுழைந்து, பெருகி, மீண்டும் ஸ்பீக்கரில் வந்து சுற்றுகிறது. பாடகரின் மைக்குக்கும் மானிட்டருக்கும் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், காற்றில் கடக்கும் நேரமும் மிக்ஸரின் தாமதமும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிநொடி. ஏதோ ஓர் அதிர்வெண்ணில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு டெசிபல் மிகுதியாகத் திரும்பி வந்தால் போதும். 40 சுற்றில் 40 டெசிபல். அதாவது, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கேட்டும் கேளாத முனகல் காதைக் கிழிக்கும் ஓலமாகிவிடும். ஓர் ஒலியைக் கேட்டு, முன்பே குறித்துவைத்த ஒரே பொத்தானை அழுத்துவதற்கே மனிதருக்கு ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. எந்த மைக், எந்த மானிட்டர் என்று தேடவும் வேண்டும் என்றால் நொடிகள் ஓடிவிடும். ஊளையைக் கையால் பிடிக்க முடியாது என்பது இந்தக் கணக்கின் முடிவு. திறமையான கைக்கும் இதே கணக்குதான். நிகழ்ச்சி தொடங்கும் முன்பே அதற்கு வழியடைத்திருக்க வேண்டும். அந்த வேலையில்தான் டிஜிட்டல் மிக்ஸர் தன் விலைக்கு ஈடுகொடுக்கிறது.

சிறிய அனலாக் மிக்ஸரில் ஒரு சேனலுக்கு மூன்று நான்கு ஒலித்திருத்தத் திருகுகள் இருக்கும். மானிட்டருக்கென்று 31 பட்டை ஈக்வலைசரைத் தனிப் பெட்டியாக வாங்கிப் பொருத்துவார்கள். அந்தப் பட்டை ஒவ்வொன்றும் எட்டுச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு அகலம். 1000 ஹெர்ட்ஸில் ஒன்றை இறக்கினால் ஏறத்தாழ 230 ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் குரலின் சதையையும் சேர்த்து வெட்டுகிறோம். டிஜிட்டல் மிக்ஸரில் ஒவ்வொரு உள்ளீட்டிலும் ஒவ்வொரு வெளியீட்டிலும் அதிர்வெண்ணையும் அகலத்தையும் நாமே தீர்மானிக்கும் திருத்தம் இருக்கிறது. 1000-த்தில் ஊளையிடும் இடத்தை 100 ஹெர்ட்ஸ் அகலத்தில் ஊசியால் எடுப்பதுபோல் எடுக்கலாம். எந்த அதிர்வெண் துள்ளுகிறது என்பதைத் திரையே படமாகக் காட்டும். இதோடு தாழ்வொலியை வெட்டும் வடிகட்டி ஒவ்வொரு சேனலிலும் உண்டு. அதன் எல்லையை நாம் வைக்கலாம் என்பதுதான் பெரிய செய்தி. மலிவான அனலாக் மிக்ஸரில் அது 80 ஹெர்ட்ஸிலோ 100-லோ தொழிற்சாலையில் நட்ட கம்பம். ஒரு கட்டை சுருதியில் பாடும் பாடகரின் ஆதார ஸட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், மந்திர ஸ்தாயி பஞ்சமம் 98. அவருக்கு எல்லையை 80-ல் வைக்க வேண்டும். ஐந்து கட்டையில் பாடுகிறவரின் மந்திர பஞ்சமம் 147. அவருடைய மைக்கில் 120 வரை தாராளமாக வெட்டலாம், வெட்டிய இடத்தில் மிருதங்கத்தின் தொப்பி அதிர்வும் மேடைப் பலகையின் உறுமலும் குரல் மைக்குக்குள் வராமல் நின்றுவிடும். சேனல்தோறும் தனி எல்லை என்ற இந்த ஒரு வசதி, 24 பிட்டும் 96 கிலோஹெர்ட்ஸும் சேர்ந்து தருவதைவிட அதிகத் தெளிவைத் தருகிறது.

இவ்வளவு பாடு எதற்கு, ஊளையைத் தானே கண்டுபிடித்து வெட்டும் வசதிதான் பல மிக்ஸர்களில் இருக்கிறதே என்று ஒரு மறுப்பு எழும். அது பேச்சு மேடைக்கு உதவும். இசைக்கு, அதிலும் நம் இசைக்கு, அதை நம்பிவிடக் கூடாது. ஒரே அதிர்வெண்ணில் விடாமல் நீடித்து நிற்கும் ஒலி என்பதுதான் அந்த வசதி ஊளைக்கு வைத்திருக்கும் முதல் அடையாளம். தம்புராவும் சுருதிப்பெட்டியும் மணிக்கணக்கில் செய்வது அதைத்தான். வயலினின் நீண்ட வில்லும் புல்லாங்குழலின் நிறுத்தமும் தாரஸ்தாயி ஸட்ஜத்தில் நிற்கும் குரலும் அதைத்தான் செய்கின்றன. அவற்றை ஊளையென்று எண்ணி அது வெட்டத் தொடங்கினால், கச்சேரி நடக்க நடக்க ஒலி காரணம் தெரியாமல் மெலிந்துகொண்டே போகும். ஒத்திகையின்போது அதைக்கொண்டு ஆபத்தான அதிர்வெண்களைக் கண்டுபிடித்து, நிலையாக வெட்டி வைத்துவிட்டு, கச்சேரியில் அணைத்துவிடுவது நல்லது.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை தனிக் கதை. ஒவ்வொரு முறை அது இரட்டிக்கும்போதும் ஊளைக்கு முன் நமக்குக் கிடைக்கும் ஒலியில் 3 டெசிபல் போய்விடுகிறது. பட்டிமன்ற மேடையில் நடுவருக்கு ஒன்று, பேச்சாளர்களுக்கு ஏழு என எட்டு மைக் திறந்து கிடந்தால் ஒரு மைக் மேடையைவிட 9 டெசிபல் குறைவாகத்தான் ஏற்ற முடியும். பேசுகிறவர் மைக்கை மட்டும் ஏற்றி மற்றவற்றை இறக்கலாம் என்றால், எதிரணிக்காரர் எப்போது குறுக்கிடுவார் என்று யாருக்குத் தெரியும்? குறுக்கீட்டின் முதல் இரண்டு சொல் போய்விட்டால் கைதட்டலும் போய்விடும். டான் டூகன் என்ற அமெரிக்க ஒலிப்பொறியாளர் 1970-களில் இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டார்: மொத்தப் பெருக்கத்தை மாறாமல் வைத்து, எந்த மைக்கில் எவ்வளவு ஒலி வருகிறதோ அந்த விகிதத்தில் அதைப் பங்கிட்டுக் கொடுப்பது. ஒருவர் பேசினால் முழுப் பங்கும் அவருக்கு; இருவர் பேசினால் பாதிப்பாதி; யாரும் பேசாவிட்டால் எல்லோருக்கும் சமமாகத் துளித்துளி. எட்டு மைக் திறந்திருந்தும் அரங்கு ஒரே மைக் திறந்ததுபோல் நடந்துகொள்ளும். இந்தத் தானியங்கிக் கலப்பு இன்று சிறிய டிஜிட்டல் மிக்ஸர்கள் பலவற்றில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. பேச்சு நிகழ்ச்சிகளே பிழைப்பாக இருப்பவர் 32 சேனலை விட்டுக்கொடுத்தாவது இதை வாங்க வேண்டும். மனிதக் கை செய்ய முடியாததைச் செய்யும் வசதி இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

சேனல் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மேடையில் எத்தனை மைக் என்பது எல்லோரும் எண்ணக்கூடியதே. எண்ண மறப்பது வெளியீடுகளை. பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என நால்வர் கச்சேரிக்குத் தம்புராவையும் சேர்த்து ஆறேழு உள்ளீடு போதும். ஆனால் நால்வருக்கும் நான்கு வேறு மானிட்டர் கலவை வேண்டும்: மிருதங்கக்காரருக்குக் குரல் தூக்கலாக, வயலின்காரருக்குக் குரலும் தன் வயலினும், பாடகருக்குச் சுருதி. இதற்கு மேல் அரங்கின் பிரதான ஸ்பீக்கர்கள், வெளித்தாழ்வாரத்துக்கு ஒரு வரி, ஒளிப்பதிவுக்காரருக்கு ஒரு வரி. உள்ளீட்டைவிட வெளியீடு அதிகம் கேட்கும் நிகழ்ச்சி இது! 18 உள்ளீடு என்று பெயரிலேயே சொல்லும் பெரிங்கர் எக்ஸ்ஆர்18-ல் பிரதான ஜோடியைத் தவிர ஆறு வெளியீடுகள் உண்டு. நால்வர் கச்சேரிக்கு அது சரியாகப் பொருந்தும். கீபோர்டு இரண்டு, டிரம்ஸ், தபேலா, கிடார், பேஸ், பாடகர் நால்வர் என்று விரியும் மெல்லிசைக் குழுவுக்கு அதே ஆறு திணறும். விலைப்பட்டியலின் முதல் வரியில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, தனித்தனித் திருத்தத்தோடு வெளியே போகும் வழிகள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். ஒரே விலைக்கு நிற்கும் இரண்டு மிக்ஸர்கள் சட்டென்று வெவ்வேறு ரகமாகத் தெரியும்.

தொடங்கிய இடத்துக்கு, கையின் நேரத்துக்கு, திரும்புவோம். 1952-ல் ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், விளக்குகளில் எது எரிகிறதோ அதற்குரிய விசையை அழுத்தச் செய்து மனிதர்கள் எடுக்கும் நேரத்தை அளந்தார். தேர்வுகள் கூடக்கூட நேரம் கூடியது. இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவின் பால் ஃபிட்ஸ், இலக்கு எவ்வளவு தொலைவில், எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் கை எடுக்கும் என்பதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். டிஜிட்டல் மிக்ஸரின் அடுக்கு முறையை இவ்விருவர் கண்ணால் பார்த்தால் குறை விளங்கும். 16 ஃபேடரில் 48 சேனலை மூன்று அடுக்காகப் புதைத்தால், தேடும் ஃபேடர் எங்கே என்ற தேர்வுக்கு முன்னால் எந்த அடுக்கு என்ற தேர்வு வந்து நிற்கிறது. அதற்கும் முன்னால், நான் இப்போது பிரதானக் கலவையில் இருக்கிறேனா மானிட்டரில் இருக்கிறேனா என்ற கேள்வி. ஆகவே ஃபேடர் எண்ணிக்கை, உங்கள் வழக்கமான நிகழ்ச்சியின் முக்கிய மைக்குகள் எல்லாம் ஒரே அடுக்கில் அடங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அடங்காவிட்டால், விருப்பப்படி அடுக்கை அமைத்துக்கொள்ளும் வசதியாவது வேண்டும்: டிரம்ஸின் ஏழு மைக்கையும் ஒரே குழு ஃபேடரில் கட்டிவிட்டு, பாடகர்களை வலக்கை ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொள்ளலாம். எதிரொலி விளைவை ஒரே தட்டில் நிறுத்தும் பொத்தான் தனியாக இருக்க வேண்டும். பாட்டு முடிந்து பாடகர் நன்றி சொல்லத் தொடங்கும்போது அந்தப் பேச்சு குகைக்குள் இருந்து வருவதுபோல் கேட்பது நம் ஊர் மேடைகளின் தீராத வியாதி.

ஃபேடரே இல்லாமல், மேடையோரம் ஒரு பெட்டியும் கையில் ஒரு டேப்லெட்டுமாக வேலை செய்யும் மிக்ஸர்கள் இந்த வாதத்துக்கு வலுவான எதிர்ச்சான்று என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பக்கத்து நியாயம் பெரியது. மேடையிலிருந்து பின்வரிசை வரை தடித்த கேபிள் கட்டு இழுக்க வேண்டாம். கடைசி வரிசைக்கும் தூண் மறைவுக்கும் நடந்துபோய் அங்கே கேட்பதை அங்கேயே திருத்தலாம். மேடை ஏறி மிருதங்கக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதால் கேட்டு மானிட்டரை அமைக்கலாம். நிலையான இடத்தில் அமர்ந்திருக்கும் எந்தப் பெரிய மிக்ஸராலும் இதைத் தர முடியாது. ஆனால் கண்ணாடித் திரையில் விரலுக்கு விளிம்பு தட்டுப்படாது. மேடையைப் பார்த்துக்கொண்டே கை தானாக ஃபேடரைத் தேடிச் செல்வது அங்கே நடக்காது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கண் மேடையை விட்டு இறங்க வேண்டும், இரண்டு கையால் இரண்டைச் சேர்த்து நகர்த்துவதும் கடினம். வைஃபையின் பலவீனமும் உண்டு. பெட்டிக்கும் டேப்லெட்டுக்கும் நடுவே போவது கட்டளை மட்டும், ஒலி போவதில்லை. தொடர்பு அறுந்தால் ஒலி நிற்காது, கை மட்டும் துண்டிக்கப்படும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று. அரங்கில் நிறையும் ஒவ்வொரு செல்பேசியும் அவற்றில் இரைகிறது, நீர் நிறைந்த மனித உடல்கள் அலையை உறிஞ்சுகின்றன. காலி அரங்கின் ஒத்திகையில் பழுதில்லாமல் இருந்த தொடர்பு, கூட்டம் நிறைந்ததும் தடுமாறுவது இதனால்தான். பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஆண்டெனாவை நம்பாமல், 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள ஒரு தனி ரவுட்டரைத் தலைக்கு மேல் உயரத்தில் வைத்தால் பெரும்பகுதி சரியாகும். கேபிளில் இணைத்த ஒரு லேப்டாப் அருகிலேயே இருந்தால் அச்சமே வேண்டாம். என் தீர்ப்பு இது: கலவை ஒருமுறை அமைந்தபின் அதிகம் மாறாத பட்டிமன்றம், சொற்பொழிவு, நால்வர் கச்சேரி ஆகியவற்றுக்கு டேப்லெட் பெட்டி போதும், பல நேரம் அதுவே சிறந்தது. பாட்டுக்குப் பாட்டு பாடகரும் தாளமும் மாறும் மெல்லிசை மேடைக்கும் நாடகத்துக்கும் ஃபேடர் வேண்டும்.

அமைப்பை நினைவில் வைத்துத் திரும்பக் கொண்டுவரும் வசதி எல்லா டிஜிட்டல் மிக்ஸர்களுக்கும் பொது. சென்னையின் மார்கழி சபாக்களில் ஒரே மேடையில் நாள் முழுக்கக் கச்சேரிகள் அடுத்தடுத்து நடக்கும்போது அதன் அருமை தெரியும். அங்கே ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சேமித்ததைத் திரும்ப அழைக்கும்போது, தொடாமல் விடவேண்டியவற்றைக் குறித்துவைக்க மிக்ஸர் அனுமதிக்கிறதா? அறிவிப்பாளர் மைக்கும் அரங்கின் பிரதான ஒலித்திருத்தமும் கச்சேரிக்குக் கச்சேரி மாறக் கூடாதவை.

மின்சாரம் பற்றிய மறுப்பை அனலாக் அன்பர்கள் கடைசி ஆயுதமாக வைத்திருப்பார்கள், அதில் உண்மையும் உண்டு. ஜெனரேட்டருக்கு மாறும் அரை நொடியில் அனலாக் மிக்ஸர் கண் சிமிட்டி விழித்துக்கொள்ளும். டிஜிட்டல் மிக்ஸர் ஒரு கணினியைப் போல் மீண்டும் தொடங்கப் பல நொடிகள் எடுக்கும், அவ்வளவு நேரமும் மேடை ஊமை. ஆனால் இந்த மிக்ஸர்கள் இழுப்பது நூறு வாட்டைச் சுற்றித்தான். வீட்டுக் கணினிக்கு வைக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்று அந்த இடைவெளியை எளிதாகத் தாங்கும். பட்ஜெட் போடும்போதே மிக்ஸரின் விலையோடு அதன் விலையையும் ரவுட்டரின் விலையையும் கூட்டி எழுதிவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயர்களை மட்டும் அந்த யூபிஎஸ்ஸில் மாட்டக் கூடாது.

கடையில் செய்யவேண்டிய சோதனைக்கு ஒரு மைக்கும் கடிகாரமும் போதும். விற்பவர் கையை எடுக்கச் சொல்லிவிட்டு நீங்களே மிக்ஸர் முன் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும்: மூன்றாவது மானிட்டரில் இரண்டாவது சேனலை ஏற்று, பிரதானக் கலவைக்குத் திரும்பு. பிறகு, முதல் மானிட்டரில் 2500 ஹெர்ட்ஸைக் குறுகலாக ஆறு டெசிபல் வெட்டு. பிறகு எல்லா எதிரொலியையும் நிறுத்து. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி என்று எழுதிக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள், ஏனென்றால் அரங்கு இருட்டாக இருக்கும். சேனலின் பெயர் அந்த இருட்டில் தெரிகிறதா என்பதும் அப்போது விளங்கும். உங்களுக்குப் பதிலாக அவ்வப்போது உட்காரப் போகும் உதவியாளரையும் கூட்டிக்கொண்டு போய் இதையே செய்யச் சொல்லுங்கள். அவருடைய நொடிகள்தான் உண்மையான கணக்கு. நடுத்தரக் காலத்தில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் ஏழெட்டு நொடி. கை காட்டிய பாடகிக்கு, அந்த ஆவர்த்தனம் சமத்துக்கு வருவதற்குள் தன் குரல் கேட்டாக வேண்டும்.